மாமனாரைக் கண்டு ஓடியவர்

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் பம்பரம். வைத்தவர் யாரோ தெரியாது, ஆனால் குறை சொல்ல முடியாத பெயர். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் நடுவில் இரண்டு முறை எழுந்து போவார். ஒரு தடவை குழாயைச் சரியாக மூடினோமா என்று பார்க்க. இன்னொரு தடவை எதற்கென்று அவருக்கே தெரியாது. சினிமாவுக்குக் கூட்டிப் போனால் இடைவேளைக்கு முன்பே வெளியே போய் நின்றுகொள்வார். உட்கார்ந்த இடத்தில் முழங்கால் ஆடும், அதோடு மேசை ஆடும், மேசையிலிருக்கிற தட்டும் ஆடும். கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது என்று சொல்ல ஆசைதான், பழகவில்லை.

அவருக்கு வேலை லிஃப்ட் பரிசோதனை. கட்டடம் கட்டடமாகப் போய், கயிறு தேய்ந்திருக்கிறதா, கதவு ஒழுங்காக மூடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இவர் தலை தெரிந்தாலே காவலாளி உள்ளே போன் போடுவாராம், உள்ளே இருக்கும் மேலாளர் பின்வாசல் வழியாக நழுவிவிடுவாராம். வீட்டுக்கு வந்து ஒரே புலம்பல். "நான் என்ன புலியா கரடியா? எல்லாம் ஒழுங்கா இருந்தா நின்னு காட்டிட்டுப் போக வேண்டியதுதானே. ஓடறவனைப் பார்த்தாதான் எனக்குச் சந்தேகமே வருது."

வாரம் முழுக்க மேலும் கீழும் போய் வருகிற மனிதருக்கு அதுவும் போதவில்லை. நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு பழைய சின்ன விமானம் வாங்கி வைத்திருக்கிறார். எங்கள் கல்யாணத்தைவிட அதற்கு வயது அதிகம். படித்து, பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், ஊருக்கு வெளியே இருக்கும் பறக்கும் கிளப்புக்குக் கிளம்பிவிடுவார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கார் சத்தம் கேட்கும்வரை ஒரு வேலையும் ஓடாது. மடித்த துணியையே மறுபடி மடிப்பேன். இதைச் சொன்னால் சிரிப்பார். ரோட்டில் போகிறதைவிட அது பத்திரம் என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டால் இவள் பயம் போய்விடும் என்பது அவர் கணக்கு. ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டால், இனி இது வேண்டாம் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமை வந்துவிடும் என்பது என் கணக்கு.

போகிற வழியெல்லாம் பாடம். கிளம்புவதற்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். றெக்கை, சக்கரம், எண்ணெய், மூக்கில் சுற்றுகிற விசிறி. "கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது" என்றார். லிஃப்டுக்கும் இதையேதான் சொல்வார்.

விமானத்தைக் கொட்டகையிலிருந்து கையால்தான் வெளியே இழுக்கிறார்கள். முன்னால் மூக்குச் சக்கரத்தில் ஒரு நீளமான கம்பியை மாட்டி, வண்டிக்காரர் மாதிரி இழுக்க வேண்டும். வெளியே கொண்டுவந்து நிறுத்தி, இவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "மாமனார் வந்துட்டார்."

வாசலில் ஒரு வெள்ளைக் கார் நுழைந்துகொண்டிருந்தது. விமானப் பாதுகாப்பு அதிகாரிக்கு அங்கே மாமனார் என்றுதான் பெயர். வந்தால் எல்லோரும் மாப்பிள்ளை மாதிரி விறைப்பாகிவிடுவார்களாம். ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது வேறு. நாலு கொட்டகைக் கதவுகள் இழுத்து மூடப்பட்டன. எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவர் டப்பாவை அப்படியே வைத்துவிட்டுக் கழிவறைப் பக்கம் நடந்தார்.

"ஏறு, சீக்கிரம் ஏறு" என்றார் இவர்.

"ஏங்க, பேப்பர் ஏதாவது சரியா இல்லையா?"

"எல்லாம் இருக்கு. அந்த ஆள் பிடிச்சா ஒரு மணி நேரம் போயிடும். நிக்க வச்சு ஒவ்வொண்ணா நோண்டுவார். என்னால முடியாது."

"சுத்தி வந்து பாக்கணும்னு சொன்னீங்களே?"

"போன வாரம்தான் பார்த்தேன். ஏறும்மா."

நான் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள். முறை வரும் நேரத்தில், போன் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே போய்த் திரும்பி வராதவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அதே முகம்தான் அப்போது என் பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டது.

கிளம்பினோம். சக்கரம் தரையை விட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது வீடெல்லாம் சின்னதாகிவிட்டிருந்தது. திரும்பி இவரைப் பார்த்தேன். ஆள் அசையவில்லை. கை ஓர் இடத்தில், கண் ஓர் இடத்தில், கால் ஆடாமல் கிடந்தது. இந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருடம் வீட்டில் எனக்குக் கிடைக்காத ஓர் ஆள் ஞாயிறுதோறும் இங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்குப் பயம் போய்ப் பொறாமைதான் வந்தது.

அப்போதுதான் ரேடியோவில் அந்தக் குரல் கேட்டது. கிளப் அறையிலிருந்து அந்த அதிகாரியே பேசினார்.

"சார், பதறாதீங்க. உங்க மூக்குச் சக்கரத்துல இழுக்கற கம்பி அப்படியே தொங்குது."

இவர் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தக் கம்பிக்கும் சுற்றுகிற விசிறிக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. இறங்கும்போது கம்பி தரையில் பட்டு மேலே எகிறினால் விசிறி சிதறும். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை, நானாகவே புரிந்துகொண்டேன்.

"கூட யார் இருக்கா சார்?" என்றது குரல்.

"என் மனைவி."

"சரி. நிதானமா ஒரு சுத்து சுத்தி வாங்க. பின்சக்கரம் ரெண்டும் தொட்டதும் என்ஜினை நிறுத்திடுங்க. மூக்கைக் கடைசி வரைக்கும் தூக்கியே பிடிங்க. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

பாட்டி வீட்டில் விட்டு வந்த என் மகனை நினைத்தேன். பிறகு அடுப்பை அணைத்தோமா என்று நினைத்தேன். சாகப் போகும்போது இப்படித்தான் கண்டதும் ஞாபகம் வரும்போல. தரை மேலே வந்தது. பின்சக்கரங்கள் தொட்டன. இவர் எதையோ இழுத்தார், என்ஜின் சத்தம் அப்படியே நின்றது. மூக்கு மேலேயே இருந்தது, இருந்தது, பிறகு இறங்கியது. இரும்பு தரையில் உரசுகிற சத்தம் பல்லுக்குள் இறங்கியது. ஓரமாகச் சாய்ந்து, புல்லில் ஏறி நின்றோம்.

அந்த அதிகாரி ஓடுதளத்தின் மறுகோடியிலிருந்து ஓடி வந்தார். ஒல்லியான மனிதர், சட்டை வெளியே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தா இத்தனை பேர் ஓடினார்கள் என்றிருந்தது எனக்கு. முதலில் என்னிடம்தான் பேசினார். "உங்களுக்கு ஒண்ணும் இல்லையேம்மா?" தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். வளைந்து கிடந்த கம்பியைக் குனிந்து பார்த்தார். பிறகு இவருடைய உரிமம், மருத்துவச் சான்று, விமானத்தின் பேப்பர்கள் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தார்.

"எல்லாம் பக்காவா இருக்கு. அப்புறம் எதுக்கு சார் ஓடினீங்க?"

இவர் துணியை எடுத்து மறுபடி கையைத் துடைத்துக்கொண்டார். இவரைக் கண்டு ஓடுகிற மேலாளர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

"கிளம்பறதுக்கு முன்னாடி சுத்தி வந்து பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கம்பி கண்ணுல படல."

அதிகாரி தலையை ஆட்டினார். "பார்த்தும் தவறிடுச்சுன்னா அது மறதி. எனக்கும் நடக்கும். ஆசிரியரோட ஒருநாள் உட்கார்ந்து பாடம் எடுத்துட்டு மறுபடி பறக்கலாம். பாக்காமலே கிளம்பியிருந்தா அது வேற. உரிமத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுத வேண்டி வரும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லணும்னு கட்டாயம் இல்லம்மா. சார் சுத்தி வந்தாரா?"

இவர் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, சும்மா பார்த்தார். நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இவர் பறப்பதை நிறுத்துகிற எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேனோ, அது என் வாயிலேயே இருந்தது. வந்தார் என்று சொன்னால் அடுத்த வாரமே மேலே போய்விடுவார். கொஞ்சம் முன்னால் மேலே நான் பார்த்த அந்த அசையாத மனிதரையும் நினைத்தேன்.

"வரல. உங்க காரைப் பார்த்ததும் ஏறிட்டார்" என்றேன்.

ஆறு மாதம் உரிமத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதினார். அதற்குப் பிறகு மறுபடி பரீட்சை. அதிகாரி கோபப்படவில்லை. "மறுபரீட்சைக்கு நானே வர்றேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது காரை இவர்தான் ஓட்டினார். ரேடியோவைப் போட்டார், நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டார்.

"அவர்கிட்ட நீ சொன்னது உண்மைங்கறதுக்காகச் சொன்னியா, நான் இனிமே பறக்கக் கூடாதுன்னு சொன்னியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ரெண்டுக்கும்தான்" என்றேன்.

விளக்கு மாறியது. பின்னால் ஒலி எழுப்பினார்கள். வண்டியை எடுத்தார்.

"நான்தான் முதல்ல சொல்லியிருக்கணும். வாய் வரல" என்றார். "நீ சொன்னப்போ உன் மேல அப்படிக் கோவம் வந்துச்சு. ஆனா உள்ள ஒரு பக்கம், அப்பாடான்னும் இருந்துச்சு."

சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார். நானும் ரோட்டைத்தான் பார்த்தேன். நான் கேட்ட வரம் கிடைத்துவிட்டது, அவரைத் தரையில் இறக்கியாகிவிட்டது. எனக்குத்தான் அந்த அப்பாடா இன்னும் வரவில்லை.