மங்களம் பாடாத வினாயகபுரத்துக் கூத்து

வினாயகபுரத்துக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் முதலில் போனது எண்பத்தாறில், பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு. என் ராத்தா, அதாவது மூத்த சகோதரி, கூத்துப் பார்க்க வேண்டுமென்று பிடிவாதமாக என்னை இழுத்துக்கொண்டு போனார்.

ராத்தாவின் கணவரான மச்சான், சாகாமத்து வயலுக்குப் போய்த் திரும்பாமல் மாதங்கள் ஓடிவிட்டன. யாரோ வழியில் பிடித்துக்கொண்டு போனார்களாம். யார் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வீட்டுப் பெரியவர்கள் ராத்தாவை இத்தாவில் இருத்தப் பார்த்தார்கள். கணவன் மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு அடங்கியிருப்பதுதான் இத்தா. இருந்தால் மச்சான் இறந்துவிட்டாரென்று ராத்தாவே ஒப்புக்கொண்ட மாதிரி. அவர் அசையவில்லை.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஏறக்குறைய பதினாறு மைல். காலை ஏழு மணி பஸ். சோதனைச் சாவடிதோறும் இறங்கி நடந்ததில் சந்திக்கு வரவே பத்தாகிவிட்டது. தெற்கே போக பஸ் இல்லை. வெறுமையாகத் திரும்பிய மீன் லொறிக்காரர் முதலில் மாட்டேன் என்றார், ராத்தாவின் முகத்தைப் பார்த்து ஏற்றிக்கொண்டார். இடுப்பில் கட்டியிருந்த சாரன் முழுக்க மீன் நாற்றம், வேறென்ன.

விடிய விடிய ஆட வேண்டிய கூத்தைப் பட்டப்பகலில் ஆடினார்கள். இருட்டினால் எவர் வெளியே வருவார்? கூத்தைப் பழக்கிய அண்ணாவியார், மச்சானோடு சேர்ந்து வயல் செய்தவர். புராணத்தை விட்டுவிட்டு, சண்டைக்குள் புருசனைத் தொலைத்த ஒருத்தியின் கதையைக் கட்டியிருந்தார். பேச்சே கிடையாது, எல்லாம் பாட்டு. மீசை மழித்த ஒரு ஆண்பிள்ளைதான் அந்தப் பெண். முகாம் முகாமாக அலைந்து அவர் பாடினார். கடைசியில் பொட்டை அழித்து, கூந்தலை விரித்து, ஒப்பாரி எடுத்தார்.

ராத்தா எழும்பினார். அந்தச் சனத்துக்குள் ஒரே ஒரு முக்காடு.

"மையத்தக் கண்டாக்கள் ஆரு அண்ணாவியார்? ஆரும் உடம்பக் காணாம எப்பிடி ஒப்பாரி வைக்கிற?"

மத்தளம் நின்றது. அண்ணாவியார் ராத்தாவின் பக்கம் திரும்பினார்.

"அப்ப எப்பிடித் தங்கச்சி முடிக்கிற?"

"முடிக்காதீங்க."

கூத்து என்றால் மங்களம் பாடி முடிக்க வேண்டும். அன்று பாடவில்லை. வேடக்காரர் பொட்டைத் திரும்ப இட்டுக்கொண்டு ஆடிய களரியிலேயே நின்றார். சனம் எழும்பவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அதன்பிறகு இத்தாப் பேச்சை எடுக்க யாருக்கும் நாக்கு எழவில்லை.

இப்போது பயணம் லேசு. அக்கரைப்பற்றில் பொத்துவில் பஸ்ஸில் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடலாம். வெயில் மண்டையைப் பிளக்கும், தண்ணீர் கொண்டுபோங்கள். திரும்பும்போது கல்முனையில் எங்கள் வீட்டிலும் இறங்கலாம், ராத்தா சோறு தராமல் விடமாட்டார். மச்சான் எங்கே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால், "இன்னும் வரல்ல" என்பார். ஓம் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.