குனிந்திருந்த மாதம்

போன வருஷம் சிறுமலையில் மிளகு பறிக்கிற காலத்தில் என் அக்காவுக்கு வலது கண் பாதி மறைந்துபோனது. களத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகைக் கிளறிவிடும்போது கண்ணோரத்திலிருந்து கறுப்பாக ஒரு திரை மெல்ல ஏறி வந்ததாம். துடைத்துப் பார்த்திருக்கிறாள், கழுவிப் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மச்சானுடன் திண்டுக்கல்லுக்கு இறங்கி, பேகம்பூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏடி, கண்ணுல ஏதோ கோளாறு, நீ பதறாத" என்றாள். அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குப் பதற்றமே வந்தது.

அன்றைக்கே மதுரைக்குக் கூட்டிப்போனோம். விழித்திரை பிரிந்துவிட்டது என்றார்கள். உடனே ஆபரேஷன். முடிந்ததும் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார். கண்ணுக்குள் ஒரு வாயுவை அடைத்திருக்கிறார்கள். அந்தக் குமிழி மேலே எழும்பி, பிரிந்த திரையைப் பின்னால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு அக்கா எந்நேரமும் முகத்தைத் தரையைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். உட்கார்ந்தாலும் நடந்தாலும் குனிந்த தலைதான், படுத்தால் குப்புறத்தான். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையும் என்பதால் கொஞ்ச நாளைக்குப் படிக்கவும் கூடாது.

"ஊரு எது?" என்று கேட்டார்.

"சிறுமலைங்க" என்றார் மச்சான்.

"மலையா? குமிழி கரையுற வரைக்கும் அந்தப் பக்கமே போகக் கூடாது. உயரத்துக்குப் போனா உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு கண்ணையே கெடுத்துடும். ஒரு மாசம் கீழயே இருக்கட்டும்."

இப்படித்தான் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். இருபது வயதுக்குள் கல்யாணமாகி மலைக்குப் போனவள். அதற்கப்புறம் என் வீட்டில் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் தங்கியதில்லை. வாழைக்கு ஏதாவது வேலை இருக்கும், இல்லையென்றால் மிளகுக்கு. ஊருக்குள் வந்தால் முதலில் நூலகம், அப்புறம்தான் தங்கச்சி வீடு. புத்தகங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸேறுவாள். பிள்ளைகள் இருவரும் வெளியூருக்கு வேலைக்குப் போன பிறகு வீடு நிறையப் புத்தகம்தான்.

அப்படிப்பட்டவள் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு மேஜை விளிம்பில் இரண்டு தலையணையை இடைவெளி விட்டு வெளியே நீட்டி வைத்து, அந்த இடைவெளியில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக் குனிந்தபடியே சாப்பிட்டாள். தேநீரை உறிஞ்சுகுழல் போட்டுக் குடித்தாள். கழுத்து வலித்தது, தோள் பிடித்துக்கொண்டது. என்னால் ஒரு மணி நேரம் அப்படி இருக்க முடியாது. அவள் முனகிக்கூட நான் கேட்கவில்லை. ஒரு நாள் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிடும்போது, "தொழுகையில கூட நான் இம்புட்டு நேரம் குனிஞ்சதில்ல. அல்லா மொத்தமாக் கணக்கு முடிக்கிறான் போல" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தால் தலை நிமிர்ந்துவிடுமோ என்று நான்தான் அவள் பிடரியைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், "அந்தப் பையில ஒரு புத்தகம் இருக்கு, எடுத்து வாசியேன். பாதியில நிக்குது" என்றாள். தடித்த நாவல். கணவனின் வீட்டைவிட்டுக் கிளம்பிப்போய்த் தனியாகப் பிழைக்கிற ஒரு பெண்ணின் கதை. நான் தோல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வேலை முடிந்து வந்து, சமையலையும் முடித்து, புத்தகத்தை எடுத்தால் வேகவேகமாக ஓட்டுவேன். செத்த நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா சொன்னாள்: "ரேஷன் கடையில பேரு கூப்புடுற மாதிரி வாசிக்கிறடி."

மச்சான் தினமும் மலையிலிருந்து இறங்கி வருவார். காலைப் பஸ்ஸில் வந்து, பிற்பகல் பஸ்ஸில் திரும்பிவிடுவார். மிளகு பறிக்கிற நேரத்தில் தோட்டத்தைப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் விட்டுவிட்டு இப்படி வருவது சின்ன விஷயமில்லை. "ஏன் மச்சான் அலையுறீங்க, நாங்கதான் இருக்கோம்ல" என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "அங்க வேலை ஓட மாட்டேங்குது மாப்ள" என்று மட்டும் சொன்னார். அதிகம் பேசாத மனிதர். வந்தால் மலை வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு அக்கா பக்கத்தில் தரையில் உட்காருவார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதால், தரையில் உட்கார்ந்தால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியும். எங்களுக்குத் தோன்றாத அந்த யோசனை அவருக்கு முதல் நாளே தோன்றியிருந்தது.

ஒரு நாள் மதியம் அரை நாள் விடுப்புப் போட்டு வீட்டுக்கு வந்தேன். உள்ளே ஓர் ஆண்குரல் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. டி.வி. என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் மச்சான். மடியில் புத்தகம், வரிக்கடியில் விரல். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இத்தனை வருஷத்தில் அவர் கையில் நான் புத்தகத்தைப் பார்த்ததில்லை. நான் நின்றதைக் கவனிக்காமல் வாசித்துக்கொண்டே வந்தவர், கதையில் வரும் அந்தப் பெண், தான் யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுக் கிளம்பியதை நினைத்துப் பார்க்கிற இடத்தில் நிறுத்திவிட்டார்.

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றார்.

"சொன்னா அவன் விட்டிருப்பானா?" அக்காவின் குரல் தலையணைக்குள்ளிருந்து வந்தது.

"கேட்டுத்தான பாக்கணும். கேக்காமயே விட மாட்டான்னு எப்படித் தெரியும்?"

"கூட இருந்தவளுக்குத் தெரியாதா?"

மச்சான் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி விரலை வரியில் வைத்தார். நான் சத்தமில்லாமல் சமையலறைக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் புத்தகம் என் கைக்கு வரவே இல்லை.

சில நாள் கழித்து அவர் கிளம்பும்போது அந்த நாவலையும் பைக்குள் வைப்பதைப் பார்த்தேன். வாசலில் வைத்து, "மேல கொண்டுபோய் என்ன பண்றீங்க மச்சான்?" என்று கேட்டேன்.

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "நாளைக்கு உள்ளத ஒரு தடவ வாசிச்சுப் பாத்துக்கிறேன்மா. நான் திக்கித் திக்கி வாசிச்சா அவளுக்குக் கதை அறுந்துபோகுது. பஸ்ஸுல வாரப்ப இன்னொரு தடவ பாத்துக்கிருவேன். அவகிட்டச் சொல்லிராத."

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மதுரைக்கு மறுபரிசோதனைக்குப் போன அன்று, காரின் பின்சீட்டில் என் மடியில் வைத்த தலையணையில் முகம் புதைத்துப் படுத்திருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "அவரு முன்னாடியே வாசிச்சுட்டு வாராருடி."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"சோகமான எடம் வரப்போகுதுன்னா ரெண்டு பக்கத்துக்கு முன்னாடியே குரல் தாழ்ந்துருது. அடுத்து என்ன ஆகும்னு கேட்டா, வேணும்னே தப்பாச் சொல்றாரு. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவரு, உடனே தெரிஞ்சுபோகுது."

"கேட்டுட்டியா?"

"கேப்பேனா? அம்புட்டு மெனக்கெட்டு மறைக்கிறாரு."

முன்சீட்டில் என் வீட்டுக்காரர் கேட்காதவர் போல ஓட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, திரை நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார். இனி கொஞ்சம் நிமிரலாம். நிமிர்ந்ததும் அக்கா வேடிக்கையாக ஒன்று சொன்னாள். கொத்தனாரின் ரசமட்டத்துக்குள் இருக்கிற குமிழி மாதிரி கண்ணுக்குள் ஒரு கோடு ஆடுகிறதாம். அதற்கு மேலே உலகம் தெரிகிறது, கீழே எல்லாம் தண்ணீருக்குள் கிடக்கிறது. திரும்புகிற வழியில் சின்னாளப்பட்டியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். போகும்போது எதையும் பார்க்காமல் போனவளுக்கு ஏதாவது பார்க்க வேண்டும்போல் இருந்திருக்கிறது. ஒரு கடையில் சுங்குடிச் சேலைகளைப் பிரித்துப் போடச் சொல்லி, தலையைச் சாய்த்துச் சாய்த்து, இடது கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பச்சையில் ஒன்றை எடுத்து எனக்குக் கொடுத்தாள். "கழுத்துக்குத் தைலம் தேச்ச கூலி" என்றாள்.

மாதக் கடைசியில் நாவல் முடிந்தது. அந்தப் பெண் கணவனிடம் திரும்பவில்லை. கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்த மச்சான் புத்தகத்தை மூடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் ராத்திரியே வாசித்திருப்பார், ஆனாலும் அப்படி உட்கார்ந்திருந்தார். "நல்லாத்தான் இருக்கா. இருக்கட்டும்" என்றார் கடைசியில், தெரிந்த வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல.

குமிழி பட்டாணியளவாகி, மிளகளவாகி, ஒரு காலையில் காணாமல் போனது. டாக்டரம்மா மலைக்குப் போகலாம் என்று சொன்ன பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. நாங்களே காரில் கொண்டுபோய் விட்டோம். ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். "நீ கேக்குறதுதான் வலிக்குது" என்றாள். வீட்டில் இறங்கியதும் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு முற்றத்துப் பலாமரத்தைப் பார்த்தாள். மச்சான் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மரம் தெரியுது. கொஞ்சம் கோணலாத் தெரியுது" என்றாள். "அது கோணல் மரம்தான்" என்றார் அவர். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள், அதே கண்ணால்.

வலது கண்ணில் இன்னும் எழுத்து பிடிபடவில்லை. பிடிபடாமலும் போகலாம் என்கிறார்கள். இடது கண்ணால் பழையபடி படிக்கிறாள். போன வாரம் போன் பண்ணியபோது, என்ன படிக்கிறாய் என்று கேட்டேன்.

"நான் எங்க படிக்கிறேன்? இப்ப நூலகத்துக்கு அவருல்ல போறாரு. பேய்க்கதையா எடுத்துட்டு வந்து சாயங்காலம் உக்காந்து வாசிக்கிறாரு. எனக்குன்னா சுத்தமாப் பிடிக்கல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவருக்காகக் கேக்குறேன்" என்றாள்.