மெஜந்தா திரும்பி வந்தது

திருத்தணியில் எங்கள் பேனர் கடை மெஷினிலிருந்து அன்று இறங்கி வந்த பெண்ணின் முகம் பச்சையாக இருந்தது. கன்னம், கழுத்து, கை எல்லாம் பச்சை. மஞ்சள் நீராட்டு விழாவுக்கு பேனர் சொல்லியிருந்தவர் கே.ஜி.கண்டிகைக்காரர், அந்தப் பெண்ணின் அப்பா. விரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? எம்பொண்ணு காமாலை வந்தா மாரி கீறா?"

"விசேஷத்துக்கு இன்னும் நாள் இருக்குதுங்களே. வேற போட்டுத் தரேங்க" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ தெரியாது.

என் வீட்டுக்காரர் டைபாய்டில் படுத்ததால் கடையைப் பூட்டி வைத்திருந்தோம். அதற்குள் மெஷினின் ஹெட் ஒன்றில் மை காய்ந்து இறுகிவிட்டது. ஹெட் என்பது உள்ளங்கையில் அடங்குகிற பொருள். அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வரிசையாக இருக்கும். அவை வழியாகத் தெறிக்கிற மைதான் படமாகிறது. நிறத்துக்கு ஒரு ஹெட். எங்களுக்கு அடைத்துக்கொண்டது மெஜந்தா. அந்தச் சிவப்பு போய்விட்டால் மனிதத் தோலில் மிஞ்சுவது மஞ்சளும் நீலமும்தான்.

சென்னையிலிருந்து வந்த டெக்னீஷியன் மெஷினில் வைத்தே கழுவிப் பார்த்தார். காலையில் ஆரம்பித்தவர் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. சோதனைத் தாளில் மெஜந்தா இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவே வந்தது.

"ஹெட்டு போச்சுக்கா. புதுசு மாத்திடுங்க."

புது ஹெட்டின் விலைக்குப் பழைய ஆட்டோ ஒன்று வாங்கிவிடலாம். வேறு யாரோ ஓட்டிக் கழித்த ஹெட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது எவ்வளவு காலம் ஓடும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "ஆடிக் கிருத்திகை வருது. இப்ப மெஷின் நின்னுச்சுன்னா அவ்ளோதான்" என்றார்.

"இதக் கழட்டிக் குடுங்க" என்றேன் டெக்னீஷியனிடம்.

"இன்னாக்கா பண்ணப் போறீங்க?"

"பாக்கறேன். கழட்டுங்க."

கரண்ட் போகிற பக்கம் ஈரம் படக்கூடாது என்று எச்சரித்துக் கழற்றித் தந்தார்.

எங்கள் லோடு வண்டியின் டீசல் நாசில் ஒருமுறை அடைத்துக்கொண்டபோது அரக்கோணத்தில் ஒரு பாய் சரிசெய்து கொடுத்திருந்தார். அவர் பட்டறையில் சின்னத் தொட்டி மாதிரி ஒரு மெஷின் உண்டு. ஸ்விட்ச் போட்டால் உள்ளே இருக்கிற தண்ணீர் அதிர்ந்து, துளைக்குள் ஒட்டிய கரியை உதிர்த்துவிடும். கரி உதிரும் என்றால் காய்ந்த மை உதிராதா? ஹெட்டைச் சுத்தம் செய்யும் திரவத்தில் நனைத்த துணியில் அதன் அடிப்பக்கத்தை மட்டும் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு மின்சார ரயில் ஏறினேன். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா கொழம்பும்மா அது?" என்றாள்.

பாய் ஹெட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்டையே தெரியலியேம்மா. நான் இரும்பு சாமான் பாக்கறவன். இது ஒடைஞ்சா என்னிய கேக்கக்கூடாது."

"கேக்க மாட்டேன் பாய். ஆனா தொட்டிக்குள்ள அப்படியே போட வேணாம். மேல கரண்ட் பக்கம் இருக்குது."

இருவரும் யோசித்தோம். தொட்டித் தண்ணீரில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை நிறுத்தி, கிண்ணத்துக்குள் திரவத்தைக் கொஞ்சமாக ஊற்றி, ஹெட்டின் அடி மட்டும் நனைகிற மாதிரி பிடிக்கலாம் என்று நான் சொன்னேன். விட்டு விட்டு ஓட்டலாம், தொடர்ந்து ஓட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும் என்றார் அவர். கிண்ணம் அவர் வீட்டிலிருந்து வந்தது. "சேமியா பாயசத்துக்கு வெச்சது. இனிமே உனுக்குத்தான்" என்று சிரித்தார்.

ஹெட்டை நான் பிடித்துக்கொண்டேன். அவர் ஸ்விட்ச் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கை மரத்துப்போனது. விட்டுவிடலாமா என்று நினைத்த நேரத்தில் கிண்ணத்துக்குள் ஒரு சிவப்பு இழை, ஊதுபத்திப் புகை போல, சுருண்டு இறங்கியது.

"வருது பாய்!"

"ஆங், வருது வருது! ஆட்டாத, அப்படியே புடி!"

இழை ஒன்று இரண்டாகி, கிண்ணம் முழுக்கச் செம்பருத்திச் சாறாக மாறியது. பிறகு ஹெட்டின் மேல்வாயில் குழாய் மாட்டி, ஊசியில்லாத சிரிஞ்சால் திரவத்தை மெல்ல, மிக மெல்லச் செலுத்தினேன். அடியிலிருந்து நூல் நூலாகக் கொட்டியது. ஒரு ஓரம் மட்டும் அடைந்தே இருந்தது. மறுபடி தொட்டி, மறுபடி சிரிஞ்ச். கடைசியில் தறியில் ஏற்றிய பாவு போல ஒரே சீராக இழைகள் இறங்கின. நான் பிறந்தது ஆர்.கே.பேட்டை நெசவு வீட்டில். அறுந்த இழை இருந்தால் என் கண் தப்பவிடாது. ஒன்றும் அறுந்திருக்கவில்லை.

மறுநாள் நானே ஹெட்டை மாட்டினேன். சோதனைத் தாள் வெளியே வந்தபோது வீட்டுக்காரர் என்னை முந்திக்கொண்டு குனிந்தார். மெஜந்தா கோடுகள் மேலிருந்து கீழ்வரை முழுசாக இருந்தன. காய்ச்சலுக்குப் பிறகு அவர் அப்படிக் கத்தி நான் கேட்கவில்லை. எதிர் டீக்கடைக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

அந்தப் பெண்ணின் பேனரைத்தான் முதலில் போட்டோம். மாநிறக் கன்னம், சிவப்புப் பட்டு. அவள் அப்பா விரித்துக் கன்னத்தருகே குனிந்து பார்த்தார். "எம்பொண்ணுதான்" என்று மட்டும் சொன்னார். அந்த ஆடிக் கிருத்திகைக்கு மலைப்பாதை நெடுக அன்னதானப் பந்தல்களில் தொங்கியவற்றில் பாதி எங்கள் பேனர்கள்.

செய்தி எப்படியோ பரவியது. நகரியிலிருந்து ஒரு கடைக்காரர் இரண்டு ஹெட்டுகளைத் துணியில் கட்டி எடுத்து வந்து, "அக்கா, பதுகுதுந்தா பாருங்க" என்று, பிழைக்குமா என்பதைப் பாதித் தெலுங்கில் கேட்டார். ஒன்று பிழைத்தது. இன்னொன்று உள்ளே கருகியிருந்தது. அதை அப்படியே சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். இப்போது எனக்கென்று ஒரு சின்ன அதிர்வுத் தொட்டி இருக்கிறது. அந்த டெக்னீஷியனே, 'புதுசு வாங்கறதுக்கு முன்னாடி திருத்தணி அக்காகிட்ட காட்டுங்க' என்று ஆளனுப்புகிறார்.

போன மாதம் கடைக்குப் புதிய போர்டு அடித்தேன். பெயருக்குக் கீழே 'ஹெட் சர்வீஸ் செய்யப்படும்' என்று ஒரு வரி. எழுத்து ரொம்பப் பெரிதாக இல்லையா என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"பஸ்ஸுல போறவங்களுக்கும் தெரியணும்" என்றேன். ஏணியை அவர் பிடித்துக்கொள்ள, நானே ஏறிக் கட்டினேன்.