டாஸில் விழுந்த பக்கம்

விவாதப் போட்டிக்கு நடுவராக உட்காருபவன் முதலில் தனக்குத் தெரிந்ததை மறக்க வேண்டும். மேடையில் சொன்னது மட்டும்தான் கணக்கு. ஒரு அணி தப்பான தகவல் சொல்லி, எதிரணி அதை மறுக்காமல் விட்டால் அந்தச் சுற்று முடியும்வரை அது உண்மை. நான் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குச் சித்தூர், திருப்பதிச் செய்திகளை அனுப்புபவன். சொல்வதை அப்படியே நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கல்லூரிகளில் நடுவராகப் போகும்போது அந்தப் பழக்கத்தை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகக் கற்றுக்கொண்டேன்.

திருப்பதிக் கல்லூரி ஒன்றில் அன்று இறுதிச் சுற்று. போட்டி தெலுங்கில். ‘தொழிற்சாலைகளுக்கு விளைநிலத்தைக் கொடுப்பது விவசாயிக்கு நன்மையே’ என்பது தலைப்பு. டாஸ் போட்டார்கள். ஆதரித்துப் பேசும் பக்கம், சத்தியவேட்டுக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவியின் அணிக்கு விழுந்தது. அவள் நேராகப் போட்டியை நடத்தும் விரிவுரையாளரிடம் வந்து பக்கத்தை மாற்றித் தர முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றார் அவர். நான் தமிழ்க்காரன் என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“சார், எங்க நைனா வந்துகீறாரு. என்னை ஊருக்கு இட்டுகினு போவ. எங்க ஊர்ல கம்பெனிக்கு நெலம் எடுக்கறாங்க. எல்லாரும் குடுத்துட்டாங்க, நைனா மட்டும் பத்திரத்துல சந்தகம் போடல. போடாதன்னு சொன்னதே நான்தான்.”

விரிவுரையாளருக்கு ஓரளவு தமிழ் புரியும். “அதுக்குத்தாம்மா டாஸு. நீ பேசறத உன் அபிப்பிராயம்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க” என்றார். போட்டி விதியும் அதைத்தான் சொல்கிறது.

அவளுடைய அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. தெலுங்குப் பேச்சு அவருக்குத் தடையில்லை. அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடமும் சந்தையும் தெலுங்குதான், வீட்டில் மட்டும் தமிழ்.

அவளுடைய கூட்டாளி முதலில் பேசினான். சாலை வரும், வேலை வரும் என்று எல்லாரும் சொல்வதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பிறகு அவள் எழுந்தாள். ஒரே ஒரு விவசாயியைப் பற்றிப் பேசப் போவதாகச் சொன்னாள். யார் என்று சொல்லவில்லை. அவருடைய போர்க் கிணறு வற்றியது, இன்னொன்று போட்டார், அதிலும் தண்ணீர் இல்லை. வேர்க்கடலை போட்டால் காட்டுப்பன்றி தோண்டிவிடுகிறது. நிலத்துக்குச் செலவு செய்வதற்காக, பக்கத்தில் வந்த கம்பெனியில் இரவு முழுக்கக் காவல் நிற்கிறார், விடிந்ததும் தூங்காமல் கழனிக்குப் போகிறார். “நிலம் அவரைக் காப்பாற்றவில்லை. அவர்தான் நிலத்தைக் காப்பாற்றுகிறார். இன்னும் எத்தனை காலம் காப்பாற்றச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டு நிறுத்தினாள். கடைசி வரிசையில் அவளுடைய அப்பா மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

எதிரணியில் சித்தூரிலிருந்து வந்த இரண்டு பொறியியல் மாணவர்கள். நாட்டின் உணவுப் பாதுகாப்பு, மண்வளம், கார்ப்பரேட் ஆதிக்கம் என்று சரளமாகப் பேசினார்கள். அந்த ஒரு விவசாயியை இருவருமே தொடவில்லை. என் தாளில் அவளுடைய வாதத்துக்கு எதிரே இருந்த கட்டம் காலியாகவே கிடந்தது. முன்னால் நிலம் கொடுத்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அப்படி நிலம் கொடுத்த கிராமங்களில் நான் சுற்றியிருக்கிறேன். ஆனால் நடுவர் கேட்கக் கூடாது.

முடிவை அறிவிக்கும் பொறுப்பு என்னுடையது. அந்த விவசாயிக்கு எதிரணியிடம் பதில் இல்லை, ஆகவே ஆதரித்த அணி வென்றது என்று காரணத்தோடு சொன்னேன். கைதட்டினார்கள்.

வெளியே கேன்டீன் அருகே டீ குடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் மகளும் வந்தார்கள். அவள் கையில் பரிசுக் கோப்பை.

“வணக்கம் சார். ரொம்ப நாளா ரோசன பண்ணிகினு இருந்தேன். இன்னிக்கி முடிவாய்ட்ச்சி” என்றார் அப்பா.

“எதுங்க?”

“நெலம்தான் சார். குடுக்கறதுதான் சரின்னு நீங்களே மைக்ல சொல்லிட்டீங்களே.”

யார் நன்றாக வாதாடினார்கள் என்று மட்டும்தான் நாங்கள் பார்ப்போம், எது சரி என்று பார்ப்பதில்லை என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்ப எது சரின்னு பாக்கறதுக்கு வேற ஆளு வருவாங்களா சார்?”

வர மாட்டார்கள் என்றேன்.

“நைனா, அது டாஸ்ல வந்தது” என்றாள் அவள். “காசு சுண்டிப் போட்டாங்க. மாறி வுழுந்திருந்தா அந்தப் பக்கம் பேசியிருப்பேன். அப்பவும் நான்தான் கப்பு வாங்கியிருப்பேன்.”

“அப்படியா? பேசு, கேக்கறேன்.”

“இங்கியா?”

“இன்னா கொறச்சல்? சார் கீறாரு, டீ கீது. கைதட்டதான் ஆளில்ல.”

சிரித்துக்கொண்டே கோப்பையைச் சுவர்மேல் வைத்தாள்.

“நெலம் போனா திரும்பி வராது.”

“போர்ல தண்ணி கூடத்தான் திரும்பி வரல. நீதான சொன்ன?”

“துட்டு கைல நிக்காது நைனா.”

“நெலம் இருக்கசொல்ல மட்டும் நின்னுச்சா?”

“கூலிக்குப் போவணும்.”

“இப்ப ராத்திரில எங்க போறேன்?”

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. “அத்தெல்லாம் ஜெயிக்கறதுக்குச் சொன்னது நைனா.”

“தெரியும்மா. ஆனா அதுல பொய்யி ஒண்ணும் இல்லியே.”

கேன்டீன் வாசலில் விதி எதுவும் இல்லை என்பதால், உங்கள் ஊரில் முன்னாலேயே நிலம் கொடுத்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்டேன்.

“என்கூடத்தான் சார் காவல் நிக்கறாங்க” என்றார். “ஆனா அவங்க பகல்ல தூங்கறாங்க.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்கள். அவள் மறந்துவிட்ட கோப்பையை அவர்தான் எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

மாநிலப் போட்டிக்கு அவள் போகவில்லை. எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொன்னால்தான் பேசுவேன் என்கிறாள், அப்படி ஒரு போட்டி எங்கே இருக்கிறது என்று விரிவுரையாளர் என்னிடம் குறைபட்டார்.

சில வாரம் கழித்து, நில எடுப்புச் செய்திக்காக எம்.ஆர்.ஓ. எனப்படும் தாசில்தார் அலுவலகத்துக்குப் போனேன். அந்தக் கிராமத்தில் வேலை முடிந்துவிட்டது என்றார் அதிகாரி. கடைசியாக ஒருவர் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தாராம், அவரும் தானாகவே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டாராம். ஏன் மனம் மாறினார் என்று கேட்டேன். அதையெல்லாம் நாங்கள் கேட்பதில்லை என்றார். ‘விவசாயிகள் அனைவரும் மனமுவந்து ஒப்புதல் அளித்துள்ளதாக அதிகாரிகள் தெரிவித்தனர்’ என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் உள்பக்கத்தில் வந்தது, மழை நிலவரத்துக்குக் கீழே.