மாடி வீடும் தனிக் கிணறும்

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியைக் கட்டி முடித்து, ‘வீடு வாடகைக்கு’ என்று வாசலில் அட்டை தொங்கவிட்ட அன்றே அத்தைக்கு ஒரு பதவி கிடைத்துவிட்டது. அப்பாவுக்குக் கடையை விட்டு வர நேரமில்லை. அம்மாவுக்கோ யார் வந்தாலும் பிடித்துவிடும். ஆகவே இரண்டு தெரு தள்ளியிருந்த அப்பாவின் அக்கா காலையிலேயே வந்து, முன்னறையில் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்துகொள்வாள். கலெக்டர் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள்கூட அத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

போலீஸ்காரருக்கு வீடு இல்லை, காலி பண்ணச் சொல்ல முடியாதாம். வக்கீலுக்கும் அதே. கல்யாணமாகாத பையன்கள் வாசலோடு சரி. இதையெல்லாம் தாண்டி உள்ளே வந்தவர்களிடம் அத்தை கடைசியாக ஒன்று கேட்பாள்.

“உங்க குலசாமி எங்க இருக்கு?”

அவர்கள் ஏதாவது ஓர் ஊரைச் சொல்வார்கள். அத்தை கண்ணை மூடிச் சற்று யோசிப்பாள். பிறகு ஒன்று காப்பி வரும், அல்லது “யோசிச்சுச் சொல்றோம்” என்று பதில் வரும். அத்தைக்குத்தான் எவ்வளவு பக்தி என்று நான் வியந்திருக்கிறேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வயது மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நர்ஸ் வந்தார். ஊர் நரிக்குடிப் பக்கம் ஒரு கிராமம். கணவர் வெளிநாட்டில்.

“மத்தியான டூட்டி முடிஞ்சா கடைசி பஸ்ஸுதாம்மா. அதையும் விட்டுட்டேன்னா ஊருக்குப் போக வழியில்ல. பிள்ள அதுவரைக்கும் பக்கத்து வீட்டுல சாப்பிடாம உக்காந்திருக்கா,” என்றார்.

அம்மா அப்போதே கரைந்துவிட்டாள். அவசரத்துக்கு ஊசி போட மாடியிலேயே ஓர் ஆள் கிடைக்கும் என்ற ஆசையும் அவளுக்கு இருந்திருக்கலாம்.

அத்தை வழக்கமான கேள்வியைக் கேட்டாள். “தனியா எதுவும் கும்புடுறதில்லம்மா. எல்லாச் சாமியும் ஒன்னுதான்,” என்று நர்ஸ் சிரித்தார். இப்படி ஒரு பதிலை அத்தை அதற்கு முன் கேட்டதே இல்லை. ஊரில் எந்தத் தெரு என்று சுற்றி வந்தாள். “சின்ன ஊருதாம்மா, தெருவென்ன தெரு,” என்றார் அவர். அத்தை விழித்தாள். அதற்குள் அம்மா காப்பிக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

நானும் அந்தப் பெண்ணும் மொட்டை மாடிவரை போய்ச் சுற்றிவிட்டு, தோளில் கை போட்டுக்கொண்டு இறங்கி வந்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என்னோடு விளையாட வீட்டில் யாரும் கிடையாது. எப்படியாவது இவர்கள் குடிவந்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. இங்கே கீழே அவள் அம்மாவோ ரொம்ப அடக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். தங்கள் பெருமையைத் தாங்களே சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். மேலே அவள் என்னிடம் சொன்னதையெல்லாம் நானே சொல்லிவிட்டேன்.

“அத்தே, இவுக வீடு ஊருக்குள்ள இல்லையாம். கம்மாயத் தாண்டி இவுக தெரு மட்டும் தனியா இருக்காம். இவுகளுக்குன்னு தனிக் கிணறே இருக்காம்!”

குழாயில் தண்ணீர் வரும் நாளில் தெருவே குடத்தோடு நிற்கும் ஊரில் பிறந்தவள் நான். தனிக் கிணறு வைத்திருப்பவர்களை ஜமீன் என்று நினைத்தேன்.

அம்மா காப்பித் தட்டோடு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். அத்தை குரலை மாற்றாமல் சொன்னாள்.

“வீடு குடுக்கிறதுக்கு என்னம்மா, போர்ல தண்ணி பத்தல. இருக்கவுகளுக்கே கஷ்டமா இருக்கு.”

நர்ஸ் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “சரிங்கம்மா, வாரேன்,” என்றார். அந்தப் பெண் படியிறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள்.

தண்ணீர்தானே குறை? அதை நான் பார்த்துக்கொள்வதென்று முடிவுசெய்தேன். மறுநாளிலிருந்து அரை வாளிதான் குளியல். பல் விளக்க ஒரு செம்பு. கழுத்தில் அழுக்கு என்று அம்மா திட்டியதையும் பொறுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலென்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, ஊசி போட வந்தவர் அவரேதான். அம்மா சட்டென்று சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படிக்க ஆரம்பித்தாள்.

“ஆன்ட்டி, நான் அரை வாளிலதான் குளிக்கிறேன். தண்ணி மிச்சமாகுது. நீங்க வந்துருங்க,” என்றேன்.

அவர் ஊசியைப் போட்டுவிட்டு, அந்த இடத்தைப் பஞ்சால் தேய்த்துவிட்டார்.

“நல்லா நெறையாக் குளி தாயி. தண்ணியெல்லாம் பத்தும்.”

அவர் வாயாலேயே சொல்லிவிட்டார், ஆகவே வந்துவிடுவார்கள் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வாசலில் காத்திருந்தேன். சாமான் வண்டியோடு வந்தது வேறொரு குடும்பம். ஆறு பேர். நான் பதறிப்போய், “அத்தே, தண்ணி பத்தாதே!” என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அன்று அத்தை மேல்தான் கோபம். இத்தனை கேள்விக்கும் பிடிகொடுக்காமல் அந்த அம்மா காப்பாற்றி வைத்திருந்ததை, அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.