நாலு கைக்கு எழுதியது

எங்கள் வீட்டுக்குப் பியானோ வந்தது சங்கீத ஆசையால் அல்ல. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு, புதுக்கோட்டையில் உத்தியோகம் பார்த்த ஒரு பெரிய மனிதர் வீட்டைக் காலி செய்தார். தேக்குக் கட்டில் மலிவாகக் கிடைக்கும் என்று அப்பாவும் பெரியப்பாவும் போனார்கள். கட்டில் அதற்குள் கைமாறிவிட்டது. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் பியானோவை வாங்கி வந்தார்கள். அரிமளத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு அது வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. கூடவே இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு ஒன்றும் வந்தது. அதன் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தடித்த இசைப் புத்தகம்.

வாசிக்க இரண்டு பெண்கள் இருந்தோம். நானும் என்னைவிட மூத்தவளான பெரியப்பா மகளும். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்குப் பியானோ தெரிந்தால் கல்யாணச் சந்தையில் ஒரு மதிப்பு என்று கணக்குப் போட்டார்கள். அவளுக்குக் கல்யாணமே இல்லை என்று முடிவாகிவிட்டதால் பொழுதாவது போகட்டும் என்று விட்டார்கள். அவள் இரண்டு கைகளிலும் வெண்குஷ்டம். நகக்கண்ணில் தொடங்கி முழங்கை வரை ஏறியிருந்தது. ஒட்டுகிற நோய் இல்லை என்று டாக்டர் சொன்னார். "டாக்டருக்கென்ன, அவரா பொண்ணைக் கட்டிக் குடுக்கப் போறாரு" என்றாள் என் ஆத்தா. வீட்டில் யாரும் அக்கா கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. விசேஷ நாட்களில் அவளைப் பின்கட்டில் உட்கார வைத்துவிடுவார்கள்.

சனிக்கிழமைகளில் புதுக்கோட்டையிலிருந்து சட்டைக்கார டீச்சரம்மா பஸ்ஸில் வருவார். கவுன் போட்ட, கோபக்கார ஆங்கிலோ இந்திய மனுஷி. அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது சர்ச்சுல பெரிய கூட்டமா நின்னு பாடுறது. கூட இன்னொரு கூட்டம் வாத்தியம் வாசிக்கும். அத்தனை பேருக்கு வீட்டுல எங்க போறது? அதான் எல்லாத்தையும் நாலு கைக்குள்ள அடக்கி எழுதிருக்காங்க" என்றார்.

செத்தவர்களுக்காகப் பாடும் பூசைப் பாட்டு என்றும் சொன்னார். அதை நாங்கள் வீட்டில் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் பியானோ அன்றைக்கே மாட்டுக் கொட்டகைக்குப் போயிருக்கும்.

புத்தகத்தை விரித்தால் இடது பக்கம் முழுக்க என் பாகம், வலது பக்கம் முழுக்க அக்காவின் பாகம். நான் பெஞ்சில் இடப்புறம் உட்கார்ந்து கீழ்ச் சுரங்களை இடிப்பேன். அவள் வலப்புறம் உட்கார்ந்து, கூட்டம் பாட வேண்டிய மெட்டை வாசிப்பாள். வாசிக்கும் முன் டீச்சரம்மா அவளை அந்த மெட்டைப் பாடச் சொல்வார். தொண்டைக்கு எழுதினது முதலில் தொண்டையில் வர வேண்டும் என்பது அவர் கட்சி. அக்காவுக்குக் கனத்த குரல். அதைக் கேட்க வீட்டில் வேறு யாருக்கும் பிரியமில்லை. எனக்கு இருந்தது.

நடுவில் உள்ள கட்டைகளுக்கு என் வலது கையும் அவள் இடது கையும் போட்டி போடும். அவள் அடித்து எடுத்த கட்டையை மறு நொடி நான் அடிக்க வேண்டும். சில இடங்களில் என் கை அவள் கைக்கு அடியில் நுழைந்து போகும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு ஆத்தா வாசலில் நின்றபடியே சொன்னாள்:

"அவ மேல படாம வாசிடி."

"படாம வாசிக்க முடியாதும்மா. இது நாலு கைக்கு எழுதினது" என்றார் டீச்சரம்மா, திரும்பிப் பார்க்காமலே.

ஆத்தா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். பாடம் முடிந்ததும் செம்பில் வேப்பிலைத் தண்ணீரோடு வந்து நிற்பாள். அக்கா பெஞ்சை விட்டு எழுந்திருக்கும் முன்பே, அவள் கண்ணெதிரே என் கையைத் தேய்த்துக் கழுவுவாள். அக்கா புத்தகத்தை மூடி வைப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாரத்தில் அந்த ஒரு பொழுதுதான் ஒரு மனிதத் தோல் அவள் மேல் பட்டது. அதையும் கழுவி ஊற்றினாள் என்னைப் பெற்றவள்.

எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது பேச்சு அக்காவின் கையில் போய் முட்டியது. ஒரே கூரை, ஒரே கிணறு என்றால் யார் பெண் எடுப்பார்கள்? அப்பா பாகம் பிரிக்கச் சொன்னார். காரணம் என்னவோ இரண்டு பேரும் கூட்டாக நடத்திய கடையின் கணக்கு என்று ஊருக்குச் சொன்னார்கள். பெரியப்பாவுக்கும் உள்காரணம் தெரியும். தெரிந்துதான் தலையாட்டினார்.

ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் கூடத்தில் உட்கார்ந்து சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பியானோ எங்களுக்கு விழுந்தது, பெஞ்சு அவர்களுக்கு. அண்டா குண்டானிலிருந்து ஊஞ்சல் சங்கிலி வரை பிரித்தாகிவிட்டது. கடைசியில் புத்தகம். அதைப் பிரிக்க அப்பாவே ஒரு நியாயம் சொன்னார்.

"எடது பக்கமெல்லாம் எம் மகளுக்கு, வலது பக்கமெல்லாம் ஒங்க மகளுக்கு. அவுகவுக பாகம் அவுகவுகளுக்கு. யாருக்கும் நட்டமில்லை."

பெரியவர்கள் மெச்சினார்கள். அப்பா கோணி ஊசியை எடுத்து அட்டையின் தையலைப் பொறுமையாகப் பிரித்தார். ஒரு தாள் கிழியவில்லை. முதல் தாளை எடுத்துப் பெரியப்பாவிடம் நீட்டியவர், நீட்டிய கையோடு நின்றார். அக்கா பாகத்தின் முதுகில் என் பாகம் அச்சாகியிருந்தது. அடுத்த தாளைத் திருப்பினார். அதுவும் அப்படியே. புத்தகத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு என்பது, ஆயுசு முழுக்கக் கணக்குப் புத்தகத்தோடு கிடந்த மனிதருக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா சிரித்துவிட்டாள். வாய்விட்டு, நன்றாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அப்பாவின் முகம் கறுத்தது. தப்பு என்று ஒப்புக்கொண்டு மறுபடி தைத்திருக்கலாம். அவர் செய்யவில்லை. "பங்குன்னா பங்குதான்" என்று சொல்லி, சீட்டுக்கட்டு போடுவதுபோல் ஒரு தாள் அங்கிட்டு, ஒரு தாள் இங்கிட்டு என்று போட்டு முடித்தார். பிறகு கூடத்தின் குறுக்கே சுவர் எழும்பியது. டீச்சரம்மா ஒரு தரம் வந்து சுவரைப் பார்த்தார், என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார், அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும் என்று அப்பா சொன்னார். எனக்குத் தெரிந்த பெரிய உருப்படி அது ஒன்றுதான். வெல்லப் பெட்டி மேல் உட்கார்ந்து பழகினேன். எனக்கு வந்த தாள்களில் ஒரு பக்கம் என் பாகம் இருந்தது, அடுத்த திருப்பத்தில் அக்காவின் பாகம் இருந்தது. அவள் பாகம் வருமிடத்தில் வலப்புறம் நகர்ந்து மெட்டை வாசிப்பேன். என் பாகம் வருமிடத்தில் மெட்டே இருக்காது. உரலில் இடிப்பதுபோல் தொம் தொம் என்று கேட்கும்.

ஒருநாள் அப்படி இடித்துக்கொண்டிருந்தபோது, பியானோவை ஒட்டியிருந்த சுவருக்குள்ளிருந்து மெட்டு வந்தது. காதைச் சுவரில் வைத்துக் கேட்டேன். அக்கா மெல்லிய குரலில் பாடினாள். நான் இடிக்கும் பக்கங்களுக்கு உரிய மெட்டுத் தாள்கள் அவளிடம்தான் போயிருந்தன. தன் பங்குக்கு வந்த பெஞ்சைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று, அது தரையில் இழுபடும் சத்தத்தில் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கம் நான் மெட்டை வாசிப்பேன், மறுபக்கம் அவள் பாடுவாள். அப்பா ஆத்திரத்தில் போட்ட பங்கு எப்படியோ எங்களுக்குச் சரியாகவே விழுந்திருந்தது. அந்தச் சில வாரங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன். சுவரை ஒட்டி நின்றால்தான் கேட்கும் என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

விராலிமலைப் பக்கம் அரிசி மில் வைத்திருந்த குடும்பம் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் தாயார் காபியைக்கூடத் தொடாமல் என்னை ஜன்னலோரம் கூட்டிப் போனார்.

"கையை நீட்டும்மா."

நீட்டினேன். புறங்கை, உள்ளங்கை, விரலிடுக்கு என்று புடவைக் கடையில் சாயம் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றச் சொன்னார்.

"ஒங்க வீட்ல ஒரு பொண்ணுக்குக் கையில இருக்குன்னு சொன்னாகளே?"

"அது எங்க வீடு இல்லைங்க. செவுத்துக்கு அங்கிட்டு. அவுகளுக்கும் எங்களுக்கும் போக்குவரத்தே கெடையாது" என்றார் அப்பா.

பிறகு என்னை வாசிக்கச் சொன்னார்கள். முதல் திருப்பத்தில் மெட்டு என்னிடம் இருந்தது. வாசித்தேன். அடுத்த திருப்பத்தில் கீழ்ச் சுரங்களுக்கு இறங்கியதும் அக்கா பாடினாள். அன்றைக்கு அவள் மெல்லப் பாடவில்லை. நான் கல்யாணமாகிப் போனால் பியானோவும் சீரோடு போய்விடும் என்று அவளுக்கும் செய்தி எட்டியிருக்கும். முழுக் குரலில் பாடினாள். ஒரு கூட்டமே பாட வேண்டியதை ஒற்றை ஆளாகப் பாடினாள். சுவர் அதற்குக் குறுக்கே நிற்கவே இல்லை.

"யாரு பாடுறது?" என்றார் தாயார்.

"அங்கிட்டு வேலைக்காரி யாரோ" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்லி, ஆத்தாவைப் பார்த்தார். ஆத்தா எழுந்து கொல்லைப்பக்கமாகப் போனாள்.

நான் பக்கத்தைத் திருப்பி மெட்டை வாசித்து, மறுபடி கீழ்ச் சுரங்களுக்கு இறங்கினேன். அக்கா தொடங்கினாள். பாதி அடியில் சுவருக்கு அப்பால் பளீரென்று ஓர் அறை விழுந்தது. "அவ வாழ்க்கையையும் கெடுக்காதடி பாவி" என்று அவளைப் பெற்ற பெரியாத்தாவின் குரல் கேட்டது. பெஞ்சு சாய்ந்து விழுந்தது. அதற்குமேல் அங்கே சத்தமில்லை.

நான் கையை எடுத்துவிட்டேன்.

"வாசிம்மா" என்றார் அப்பா, மிகவும் அன்பாக.

மிச்சத்தை வாசித்தேன். மெட்டு வர வேண்டிய இடத்தில் தொம் தொம் என்று இடித்தது மட்டும் கேட்டது. முடித்ததும் மாப்பிள்ளையின் தாயார் முதல் தடவையாகச் சிரித்தார்.

"அந்தச் சத்தம் நின்னதுக்கப்புறம்தான் காதுக்கு நல்லா இருந்துச்சு" என்று சொல்லிக் காபியை எடுத்துக் குடித்தார். சற்று நேரத்தில் தட்டு மாற்றிக்கொண்டார்கள்.