கங்காணி மகன் எடுத்த எக்ஸ்ரே

எக்ஸ்ரே வேலைக்குக் கை மட்டும் போதாது, குரலும் வேண்டும். நெஞ்சுப் படம் என்றால் நோயாளி மூச்சை முழுக்க இழுத்து, அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் படம் கலங்கிவிடும். "இழுங்க, புடிங்க" என்று சொல்லத் தெரிந்தால் ஆயிற்று. இந்த இரண்டு வார்த்தையோடு அர்ச்சுனன் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவன் நான்.

எண்பத்திரண்டாம் வருஷம். மலேசியாவின் ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் நாங்கள் இரண்டு பேரும் எக்ஸ்ரே பயிற்சியில் இருந்தோம். அவன் சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரன். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைய வேண்டிய உயரம். அவ்வளவு பெரிய உடம்புக்குள் ஆண்டவன் கோழிக்குஞ்சுக் குரலை வைத்துவிட்டான். போதாக்குறைக்கு மரியாதை வேறு. வயதில் மூத்தவர்களை ஏவினால் நாக்கு அழுகிவிடும் என்பதுபோல் பேசுவான்.

"அக்கா, ஒங்களுக்குச் செரமம் இல்லன்னா, கொஞ்சம் மூச்ச இழுத்துப் புடிச்சிக்கிறீங்களா?"

அவன் கேட்டு முடிப்பதற்குள் அந்த அக்கா மூச்சை இழுத்து, விட்டு, ஒரு கொட்டாவியும் விட்டிருப்பார். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த நஜ்முதீன் சார், கலங்கிய படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நீ படம் எடுக்க வந்தியா, பொண்ணு கேக்க வந்தியா லா?" என்பார்.

அந்த வருஷம்தான் டிங்கிக் காய்ச்சல் ஊரைப் போட்டு ஆட்டியது. வார்டில் இடமில்லாமல் நடைபாதையிலும் கட்டில் போட்டார்கள். முட்டி வலி, முதுகு வலி என்று வருகிறவர்களையெல்லாம் பிறகு வரச் சொல்லிவிட்டதால் எங்கள் எக்ஸ்ரே அறை வெறிச்சோடிப் போனது. ஆளே வராத அறையில் எதைப் பழகுவது? நஜ்முதீன் சார் ஒரு வழி செய்தார். காலையில் மெஷினை அணைத்துவிட்டு எங்களில் ஒருவர் நோயாளியாக நடிக்க, மற்றவர் பழக வேண்டும். மத்தியானம் சக்கரம் வைத்த சின்ன மெஷினைத் தள்ளிக்கொண்டு வார்டுக்கே போக வேண்டும். காய்ச்சல் முற்றினால் சிலருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும். அதைப் பார்க்க டாக்டர்களுக்குப் படம் தேவைப்பட்டது.

நோயாளியாக நடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு நாள் காது மந்தமான பெரியவர், மறுநாள் பிள்ளைத்தாய்ச்சி. அர்ச்சுனன் எல்லோரையும் ஒரே மாதிரி கெஞ்சினான்.

வார்டில் நிலைமை இன்னும் மோசம். நோயாளியைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடிக்கக் கூடாது என்று கட்டிலுக்குக் கட்டில் கொசுவலை கட்டியிருந்தார்கள். படம் பதியும் தட்டை முதுகுக்குக் கீழே வைப்பதற்காக அர்ச்சுனன் வலைக்குள் நுழைவான். வெளியே வரும்போது வலையும் கூடவே வரும். கல்யாணப் பொண்ணு மாதிரி முக்காடு போட்டு நிற்கிறவனைப் பார்த்து நர்ஸ் சக்கீனா தலையில் அடித்துக்கொள்வார். அப்படிப் பாடுபட்டு எடுத்த படமும் கலங்கித்தான் வரும்.

"சூசா லா இவனோட, ரொம்ப கஷ்டம்," என்றார் நஜ்முதீன் சார் ஒருநாள். "மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். இப்பிடியே இருந்தா நீ பாஸ் இல்ல. தோட்டத்துக்கே போயிரு."

அர்ச்சுனன் முகம் செத்துப்போயிற்று. அவனைப் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்க அனுப்பக் கூடாது என்பதற்காகவே அவன் அம்மா இருளாயி இன்னும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த யோசனையைச் சொன்னேன்.

"மச்சான், ஒங்கப்பா கங்காணிதானே? அவரு மாரி ஒரு சத்தம் குடேன்."

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய அவன் அப்பா இராமசாமிக் கங்காணி முந்தின வருஷம்தான் காலமானார். விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, அவர் ஒரு அதட்டு அதட்டினால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்கூட வாயை மூடிக்கொள்ளும் என்று சொல்வார்கள்.

"அது வேணாம் மச்சான்," என்றான் அர்ச்சுனன். "பெரட்டுல மட்டுமில்ல. வீட்லயும் அந்தச் சத்தந்தான்."

மாதக் கடைசி நெருங்கியது. வேறு வழியில்லாமல் ஒரு காலையில் கண்ணை மூடிக்கொண்டு, "மூச்ச இழு! புடி!" என்று விட்டான் பாருங்கள், கட்டிலில் படுத்திருந்த நான் விறைத்துப்போனேன். வாசலில் நின்ற நஜ்முதீன் சாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தான் நோயாளி இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

அன்று முதல் படங்கள் பளிச்சென்று வந்தன. அவன் ஒரு கட்டிலில் அதட்டினால் வார்டு முழுக்க மூச்சைப் பிடித்தது. ஆனால் படம் எடுத்த கையோடு கட்டிலடியில் நின்று, "கோவிச்சிக்காதீங்க அக்கா" என்று மன்னிப்புக் கேட்கவும் அவன் தவறவில்லை. எடுக்கிற நேரத்தைவிட அதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று.

அந்த வாரத்தில்தான் இருளாயியைக் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். வயிறு உப்பி, மூச்சு வாங்கியது. நரம்பில் மருந்துநீரைத் தொடர்ந்து ஏற்றுவதா, குறைப்பதா என்று டாக்டருக்கு உடனே தெரிந்தாக வேண்டும். படம் சரியாக வர வேண்டும்.

நஜ்முதீன் சார் தானே எடுக்கப் போனார். இருளாயி மகனைத் தேடித் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் அர்ச்சுனன்தான் வலைக்குள் போனான். பழைய குரல் திரும்பியிருந்தது.

"அம்மா, கொஞ்சம் மூச்ச இழுத்துப் புடிச்சிக்கம்மா."

"நீ சாப்பிட்டியாடா?" என்றார் இருளாயி.

படம் கலங்கிவிட்டது. டாக்டர் அதைத் திருப்பிக் கொடுத்தார். அர்ச்சுனன் புதுத் தட்டை எடுத்து அம்மாவின் முதுகுக்குக் கீழே வைத்தான். வெளியே வந்து, சுவிட்சைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டான். பிறகு அந்தச் சத்தம் வந்தது.

"மூச்ச இழு! புடி!"

இருளாயியின் இரண்டு கையும் விலாவோடு ஒட்டிக்கொண்டன. கண் இறுக மூடிக்கொண்டது. அடி விழப் போகிறது என்று காத்திருக்கிற முகம் அது. அதுவரை அவன் அதட்டும்போதெல்லாம் சிரித்த நான் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சுவிட்சை அழுத்தியதும் அவன் வலையோரம் குனிந்து, "விட்டுரும்மா. மூச்ச விட்டுரு" என்றான். இருட்டறையில் படத்தைக் கழுவும்போது அவன் அழுதான். நான் பார்க்காதது மாதிரி இருந்தேன்.

படம் தெளிவாக இருந்தது. நீர் ஏகமாகக் கோத்திருந்தது. டாக்டர் மருந்துநீரைக் குறைக்கச் சொன்னார். சில நாளில் இருளாயி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அர்ச்சுனன் கட்டிலடியில் போய் நின்றான். மற்ற அக்காமாரிடம் சரளமாக வந்த மன்னிப்பு அங்கே வேறு மாதிரி வந்தது.

"அப்பா மாரியே கத்திட்டேம்மா."

"அவரேதான் வந்துட்டாருன்னு நெனச்சேன்," என்றார் இருளாயி, கஞ்சியை ஊதிக்கொண்டே. அவன் தலை இன்னும் குனிந்தது. அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அவரு அதட்டுனாலும் இப்பிடித்தான்டா, மூச்சப் புடிச்சிக்கிட்டுக் கெடப்பேன். எப்ப விடறதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. நீதான் சொன்ன."